பெயர் சொல்லப் பயப்படாத ஆஸ்பத்திரி

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எங்கள் கரையோரத்தில் காய்ச்சல் ஓர் இரகசியமாக இருந்தது. அக்கரைப்பற்றில் கொவிட் பரவி, கல்முனைப் பிராந்தியத்தின் ஊர்கள் ஒவ்வொன்றாக முடக்கப்பட்ட நாட்கள் அவை. சாய்ந்தமருதின் நெருக்கமான ஒழுங்கைகளில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் இருமலையும் அடக்கிக்கொண்டார்கள். மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தார்கள். மூச்சு வாங்கிய மூத்தம்மாவைக் கட்டிலில் நிமிர்த்தி இருத்தி ஓதி ஊதினார்கள். ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் போகப் பயம். "கொண்டு போனா மையத்தும் கையில கிடைக்கா" என்பதே அப்போது வீட்டுக்கு வீடு பேச்சு.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 மார்ச் 30இல் நீர்கொழும்பில் இறந்த ஒரு முஸ்லிமின் உடல், குடும்பத்தின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல், கொவிட்டினால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி வெளிவந்தது. எரிக்கவும் செய்யலாம், அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச் 24இல், வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. இங்கோ நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். எரிப்பதை எதிர்த்த அடிப்படை உரிமை மனுக்களை டிசம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளம் குழந்தை, பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். அடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரி 25இல்தான் வந்தது. அதற்குள் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன.

இந்த எண்ணிக்கையோடு கணக்கு முடியவில்லை. எரிப்புக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்கள், நேரத்துக்கு ஒட்சிசன் கிடைக்காதவர்கள், பீ.சீ.ஆர். எடுக்க வந்த சுகாதார ஊழியரைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள், நெஞ்சுவலியோடும் சீனி கூடியும் கிடந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் ஆகியோரை எந்தப் பட்டியலில் எழுதுவது? ஓர் இனத்தை அவமதிக்கும் சட்டம் அந்த இனத்தவரின் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அது அவர்களைச் சிகிச்சையிலிருந்து தூர விலக்குகிறது. நம்பிக்கை போன இடத்தில் மருந்தும் போய்விடும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

உப்புக் காற்றும் இரும்பும்

இன ஒதுக்கலை அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் பேசவேண்டிய விடயமாகவே நாம் வைத்திருக்கிறோம். மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை உடலுக்குள் தேடி வருகிறது. ஆபத்து கண்டால் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், கோட்டிசோல் போன்ற சுரப்புகள் கூடும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணியும். ஆபத்து நீங்காமலே இருந்தால்? புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் 1990களில் இந்தக் கேள்வியை எடுத்தார். ஓயாமல் எச்சரிக்கையில் வைக்கப்பட்ட உடலில் இதயம், இரத்தக் குழாய், நோய் எதிர்ப்பு, தூக்கம், நினைவு எல்லாமே மெல்லத் தேய்கின்றன என்றார். அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரை ஆராய்ந்த ஆர்லின் ஜெரோனிமஸ், இன ஒதுக்கலுக்குள் வாழும் உடல் தன் வயதுக்கு முந்தியே மூப்படைகிறது என்று 1992இல் எழுதினார்.

கடற்கரையில் வாழும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாய்ந்தமருதில் புது வீட்டுக்குப் போட்ட சன்னல் கம்பியைப் பாருங்கள். யாரும் அதை அடித்து உடைக்கவில்லை. உப்புக் காற்று பட்டுப் பட்டே சில வருடங்களில் துருவேறி உதிர்கிறது. மனித உடலுக்கும் அதே கதிதான்.

அந்த உப்புக் காற்று எது? ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் வில்லியம்ஸ் 1997இல் வெளியிட்ட கேள்விக்கொத்து அன்றாட அனுபவங்களைத்தான் கேட்கிறது. மற்றவர்களைவிட மரியாதை குறைவாக நடத்தப்படுகிறீர்களா? கடையில் மற்றவர்களைவிடக் குறைவாக உங்களைக் கவனிக்கிறார்களா? உங்களைக் கண்டு பயப்படுகிறவர்போல் நடக்கிறார்களா? கேட்டால் சின்ன விடயங்கள். இப்படியான கேள்விகளுக்கு அடிக்கடி 'ஓம்' என்று சொன்னவர்களிடம் மனச்சோர்வும் தூக்கக் குறைவும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. நம் ஊர்ப் பெண்ணொருத்தி பஸ்ஸில் ஏறி அமர்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனால் அவள் யாரிடம் முறையிடுவாள்? அவள் உடல் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது.

ஒரு மாவுக் கட்டியும் ஒரு டொக்டரும்

இந்த நாட்டில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பு, மருத்துவத்தின் மொழியிலேயே பேசக் கற்றுக்கொண்டது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் ஒரு கட்டி தென்பட்டது. சிங்களவரை மலடாக்கும் 'வந்தபெத்தி' மாத்திரை அது என்று கூட்டம் கூடியது. மொழி சரியாகப் புரியாமல் மிரண்டு நின்ற கடைக்காரரின் தலையசைப்பு ஒப்புதல் வாக்குமூலமாக ஊரெங்கும் பரவியது. கடைகள் உடைக்கப்பட்டன, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே திகனையும் கண்டியின் மற்ற ஊர்களும் எரிந்தன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது எரிய வேண்டியது எரிந்து முடிந்திருந்தது. நிரந்தர மலட்டுத்தன்மை தரும் மாத்திரை உலகில் இல்லை. ஆனால் அதை நம்பிய ஒரு நாட்டில் நாங்கள் சோறு விற்க வேண்டியிருந்தது.

2019 மே மாதம் அதே வதந்தி ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. குருநாகல் போதனா வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கம் கிளப்பியது. மே 24இல் அவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றில் சொன்ன பிறகும், ஜூலை 25வரை அவருக்குப் பிணை கிடைக்கவில்லை. பின்னர் நிலுவைச் சம்பளமாக வந்த 26 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை, 2022இல் நாடு மருந்துக்குத் தவித்தபோது, அத்தியாவசிய மருந்து வாங்க அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். அந்த மனிதரின் பெருந்தன்மை நமக்குப் பெருமைதான். ஆனால் அதோடு ஆறுதல் அடைந்துவிடக்கூடாது. அந்த வதந்தி இரண்டு பக்கத்தையும் சுட்டது. முஸ்லிம் டொக்டர் சிங்கள நோயாளியைத் தொடத் தயங்கினார். முறைப்பாடு கொடுத்த நூற்றுக்கணக்கான சிங்களத் தாய்மார் தங்கள் கருப்பையைப் பற்றிய பொய்யான பயத்தோடு வீடு திரும்பினார்கள். அவர்களின் நலமும் அங்கே கெட்டது.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, ஊருக்கு ஊர் மருத்துவிச்சியை அனுப்பி, பிரசவ மரணங்களைக் குறைத்துக் காட்டிய நாடு இது. பணம் கேட்காத ஆஸ்பத்திரியைக் கட்டிய நாடு இது. அப்படிக் கட்டிய நம்பிக்கையை ஒரு முதற்பக்கத் தலைப்பு ஒரே நாளில் உலுக்கியது.

அந்த இரவுக்குப் பிறகு

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று முஸ்லிம் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளுக்கு 260க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எங்கள் அயல் மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் மாண்டார்கள். அவர்களின் பெற்றோர் சுமக்கும் துயரத்தை முதலில் சொல்லாமல் எங்கள் துயரத்தைப் பேச எனக்கு உரிமை இல்லை.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, அந்தக் கொலைகாரரின் கூட்டாளிகள் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த வீட்டில் வெடித்துச் சிதறினார்கள். ஆறு குழந்தைகள் உட்படப் பதினைந்து உடல்கள் அங்கே கிடந்தன. புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் ஊரவர்களே. ஆனாலும் அடுத்த நாள் காலையில் 'சாய்ந்தமருது' என்ற சொல் நாடெங்கும் பயங்கரத்தின் மறுபெயராகிவிட்டது. சுனாமியில் வீடிழந்து மறுபடி கட்டிக்கொண்டு வாழ்ந்த மக்களின் ஊர் அது. அடையாள அட்டையில் அந்த முகவரி இருந்தவர்கள், கொழும்பில் அறை தேடிய மாணவர்கள், வேலைக்கு மனுப் போட்ட இளைஞர்கள் எல்லோரும் ஊரின் பெயரை மெல்லிய குரலில் சொல்லப் பழகினார்கள். ஏப்ரல் 29இல் முகத்தை மூடத் தடை வந்தது. தடை முகத்துக்குத்தான் என்றாலும், தலையை மட்டும் மூடிய பெண்களும் அரச அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் தடுக்கப்பட்டார்கள். கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, சண்டை பிடிப்பதா திரும்பிப் போவதா என்று யோசித்த கர்ப்பிணியின் இரத்த அழுத்தம் அப்போது எவ்வளவு இருந்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு உலகில் ஓரளவு பதில் உண்டு. டயான் லோடர்டேல் என்ற ஆய்வாளர் கலிபோர்னியா மாநிலப் பிறப்புப் பதிவுகளை எடுத்து, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்திய ஆறு மாதங்களை முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டார். அறபுப் பெயர் கொண்ட தாய்மாருக்கு மட்டும் எடை குறைந்த குழந்தைகளும் குறைமாதப் பிரசவங்களும் கூடியிருந்தன. மற்றைய தாய்மாரிடம் அந்த மாற்றம் இல்லை. அவர் கையில் இருந்த அடையாளம் பெயர் ஒன்றுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் 2008 மே 12இல் குடிவரவு அதிகாரிகள் பெரும் சுற்றிவளைப்பு நடத்தினார்கள். அதன் பிறகு அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்கத் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் 24 சதவீதம் உயர்ந்தது. சுற்றிவளைப்பைக் கண்ணால் பார்க்காத தாய்மாரும், அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் அதில் அடக்கம். தாயின் பயம் கருவில் இருக்கும் பிள்ளையின் நிறையில் போய் எழுதப்படுகிறது.

அடையாளமே மருந்தாகும் இடம்

'அப்படியானால் அடையாளத்தை மறைத்துவிட்டால் நிம்மதிதானே' என்று கேட்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. சாய்ந்தமருதும் மருதமுனையும் குடும்பம் குடும்பமாக இழந்தன. அன்று முதலில் திறந்த கதவுகள் பள்ளிவாசல்களினதும் கோயில்களினதும் பாடசாலைகளினதும் கதவுகள். மையத்தைத் தேடி எடுத்துக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவித்து மையவாடியில் வைத்தவர்கள் ஊர்ப் பொடியன்கள். பிறகு ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று அயலவர்கள் துக்க வீட்டில் வந்து இருந்தார்கள். ஒன்றும் பேசாமல் இருந்தாலும் வந்து இருந்தார்கள். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி எழுதியபோது வலியுறுத்தியதும் இதுதான்: குடும்பமும் ஊரும் சடங்கும் சேர்ந்துதான் இந்த மக்களின் காயத்தை ஆற்றுகின்றன, அவை குலைந்தால் காயம் சமூகத்துக்கே ஆகிவிடுகிறது.

கட்டாய எரிப்பு குலைத்தது இந்த மருந்தைத்தான். குளிப்பாட்டாமல், தொழாமல், ஒரு பிடி மண் போடாமல் அனுப்பிய உடலை மனம் இன்னும் வழியனுப்பவில்லை. அந்த வீடுகளில் துக்கம் முடியவில்லை. ஓட்டமாவடி சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் 2021 மார்ச் 5இல் அடக்கம் தொடங்கியபோது, தங்கள் ஊர் மையவாடியில் இடம் கிடைக்காத துக்கம் இருந்தும், 'மண்ணுக்குள்ளயாவது போனாரே' என்று குடும்பங்கள் ஆறுதல் கொண்டன. ஓராண்டுக்குள் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறார்கள். மண்ணுக்குள் போக விரும்பியவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

நியாயம் கேட்பவர் தன் வீட்டுக் கணக்கையும் திறக்க வேண்டும். கல்முனையில் ஓட்டோவில் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய தூரத்துக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. மற்றது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. பெயர்ப் பலகையில் இப்படி எழுதியிருந்தாலும், சனங்களின் வாயில் அவை 'முஸ்லிம் ஆஸ்பத்திரி', 'தமிழ் ஆஸ்பத்திரி'. இரண்டிலும் நல்ல டொக்டர்மாரும் தாதியரும் இரு இனத்தவரையும் பராமரிக்கிறார்கள். ஆனாலும் பாம்பு கடித்தவரை ஏற்றிய ஓட்டோக்காரர் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கணம் யோசிக்கிறார். அந்த ஒரு கணத்துக்குப் பின்னால் நாற்பது ஆண்டு இருக்கிறது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே மொழி பேசும் இரு சமூகங்கள் வெட்டுக்காயத்தோடு பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம்.

தமிழ்த் தாய்மாருக்கும் உடல் கிடைக்காத துக்கம் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவோரத்தில் வருடக் கணக்கில் இருப்பவர்கள் அவர்கள். அதனால்தான் 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் புறப்பட்டுப் பொலிகண்டி வரை போன பேரணியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய கோரிக்கையோடு ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையும் சேர்ந்து நடந்தது. கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்கள் வீதிக்கு வந்து அந்தப் பேரணியை வரவேற்றன. தெற்கிலும் குரல் எழுந்தது. அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் 2021 ஜனவரியில் சொன்னது. அறிவும் மனச்சாட்சியும் ஓர் இனத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

செய்ய வேண்டியவை

2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்லது. ஆனால் மன்னிப்பு என்பது காரணத்தை ஆராயும் வேலையின் தொடக்கமாகவே இருக்க முடியும். எந்த ஆதாரத்தில், யார் சொல்லி, எந்த மேசையில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை ஒரு சுயாதீன விசாரணை பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அந்த 276 குடும்பங்களுக்கும் இழப்பீடும், தேவைப்படுவோருக்குத் தமிழில் உளவள ஆலோசனையும் கிடைக்க வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது இறுதிக் கிரியை பற்றிய விதிகளை மதத் தலைவர்களோடு இருந்து எழுதும் வழக்கம் சுகாதார அமைச்சில் நிலைபெற வேண்டும்.

இரண்டாவது, மொழி. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நோயாளிக் கட்டிலில் அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இங்கிருந்து அம்பாறைக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றப்படும் நோயாளி, 'நெஞ்சு படக்குப் படக்கெண்டு அடிக்குது' என்பதை யாரிடம் எப்படிச் சொல்வார்? உள்ளம் பதறுவதையும் இதயம் பதறுவதையும் எங்கள் பேச்சு ஒரே சொல்லால் சொல்கிறது. அந்த வேறுபாட்டைக் கேட்டுப் பிரிக்கத் தெரிந்த ஒருவர் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்பது சிகிச்சையின் பாகம். வார்டு ஊழியர் யாரையாவது கூப்பிட்டு ஒப்பேற்றுவது போதாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் பதவி மாவட்டப் பொது வைத்தியசாலைகள்தோறும் வேண்டும்.

மூன்றாவது, வதந்திக்குச் சுகாதாரத் துறை தரும் பதில். மாவுக் கட்டியைப் பரிசோதித்த முடிவு வருவதற்குள் பள்ளிவாசல் உடைந்துவிட்டது. மலட்டு மாத்திரை, கருத்தடை, தடுப்பூசி என்று ஒரு பொய் கிளம்பிய சில மணி நேரத்துக்குள் சிங்களத்திலும் தமிழிலும் சுகாதார அதிகாரி ஒருவர் முன்வந்து மறுக்க வேண்டும்.

நான்காவது எங்கள் கையில் இருக்கிறது. கல்முனையின் இரு வைத்தியசாலைகளும் விசேட நிபுணர்களையும் இயந்திரங்களையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காரைதீவும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் பாண்டிருப்பும் மருதமுனையும் சேர்ந்த நோயாளர் நலன்புரிச் சபை இரண்டுக்கும் பொதுவாக அமையட்டும். ஓட்டோக்காரருக்குக் கிட்ட இருப்பதே ஆஸ்பத்திரி என்று ஆகட்டும்.

கடைசியாக ஒன்று. கலிபோர்னியாவிலும் அயோவாவிலும் ஆய்வாளர்கள் பார்த்த ஏடுகள் போன்றவை நம்மிடமும் இருக்கின்றன. இந்தப் பிராந்தியத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் நிறையையும் எங்கள் மருத்துவிச்சிகள் பிள்ளை வளர்ச்சி அட்டையில் பதிந்து வந்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும், 2020 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களின் நிறையைக் கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையும் கிழக்கின் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து எடுத்துப் பார்க்கட்டும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோருடையதையும் பார்க்கட்டும். அந்த ஏடுகள் சொல்வதை அரசியல்வாதி மறுக்க முடியாது.

அந்த அட்டையின் முதல் வரியில் மருத்துவிச்சி எழுதுவது பிள்ளையின் பெயரை. 2019இல் பிறந்தவர்கள் இப்போது பாடசாலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாய்ந்தமருது வீதிகளில் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாளை காய்ச்சல் வந்து, வெளிநோயாளர் பிரிவில் துண்டு எழுதுபவர் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் உம்மா யாரையும் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பெயரை உரத்துச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரையும் அப்படியே சொல்ல வேண்டும்.